பாதி சீவிய மரம்

எனக்கு ரப்பர் மரத்தைப் பிடிக்காது. சிலருக்குக் கத்தரிக்காய் பிடிக்காது என்பார்களே, அந்த மாதிரி இல்லை. கண்ணெடுத்துப் பார்க்கவே ஆகாது. மரம் என்று இருந்தால் ஒரு பழம் கொடுக்க வேண்டும். இல்லையா, தலையில் வைக்க ஒரு பூ. அதுவும் இல்லையா, ஆடு கடிக்க நாலு இலை. ரப்பர் மரம் இதில் எதையும் கொடுக்காது. காய்க்கத்தான் செய்யும், அந்தக் காயும் வெயில் ஏறினால் படீரென்று வெடித்து நம் தலைமேலேயே கொட்டையை எறியும். நிழல் உண்டு, ஆனால் அந்த நிழலில் குளிர்ச்சி கிடையாது, கொசுதான் கிடைக்கும். காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்குக் கங்காணி முன்னால் ஆட்கள் நிற்பதுபோல வரிசை பிடித்து நிற்கும். காட்டில் போய் ஒரு மரத்தைப் பாருங்கள், இஷ்டத்துக்கு வளைந்து சாய்ந்து நிற்கும். இது மட்டும்தான் துரை போட்ட கோட்டில் நிற்கிற மரம். எங்களைப் போலவே என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும், அதனால் சொல்லவில்லை.

எனக்குப் பிடித்தது முருங்கை. நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால், குளியல் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால் ஓரத்தில் ஒரு கொம்பை ஊன்றி வைத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. அடுத்த வருஷம் கீரை, அதற்கடுத்த வருஷம் காய். கேட்காமல் கொடுக்கிற மரம் அது.

என் புருஷன் இருளப்பனுக்கு இது எல்லாமே தலைகீழ். ரப்பர் மரத்தை அவர் சோறு போடுகிற மரம் என்பார். கத்தி வைப்பதற்கு முன்னால் மாட்டைத் தட்டுவதுபோல ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் ஆரம்பிப்பார். எந்த மரம் அறுக்க அறுக்கத் தோல் வளர்த்துக் கொடுக்கும், சொல்லு பார்ப்போம் என்று என்னிடம் சவால் விடுவார். முருங்கையைக் கண்டால் அவருக்கு ஆகாது. மழைக்காலத்தில் அதில் அடைகிற கம்பளிப்பூச்சி ஒருமுறை அவர் கழுத்தில் விழுந்து கழுத்து முழுக்கத் தடித்துப்போனது. பாராங் கத்தியைத் தூக்கிக்கொண்டு மரத்தை வெட்டப் போனவரை நான்தான் குறுக்கே நின்று தடுத்தேன். முருங்கை பருத்தால் தூணாகுமா என்று பழமொழி சொன்னார். முருங்கை நட்டவன் வெறுங்கையோடு நடப்பான், உனக்குக் கிழட்டு வயதில் கோல் வேண்டாம் போ என்று நானும் ஒன்றைச் சொன்னேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. மற்ற வீடுகளில் பிள்ளைகளை வைத்துச் சண்டை வந்தது, எங்கள் வீட்டில் மரத்தை வைத்து வந்தது.

சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டம் எங்களுடையது. சீவுவதற்கென்று எங்களுக்குப் பிரித்துக் கொடுத்த மரவரிசைகள், அவருடைய நிரையும் என்னுடைய நிரையும், மலைச்சரிவில் அடுத்தடுத்து இருந்தன. பால்மரம் சீவத் தெரியாதவர்களுக்கு இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மரத்தின் பட்டையில் மேலிருந்து கீழாகச் சரிவாக ஒரு வெட்டு இருக்கும். தினமும் காலையில் அந்த வெட்டின் மேல் முனையில் கத்தியை வைத்து, கீழ் முனை வரைக்கும் பட்டையை நூல் பிடித்ததுபோல ஒரு சீவல் சீவ வேண்டும். சீவின இடத்தில் பால் ஊறி, வெட்டின் வழியே இறங்கி, கீழே தொங்குகிற மங்குக் கிண்ணத்தில் சொட்டும். அன்றைக்குப் புதிய வெட்டு வேண்டுமென்றால் நேற்றைய வெட்டைச் சீவி எறிந்தால்தான் உண்டு. கத்தி ஆழமாகப் போனால் மரத்தில் காயம் விழும். என் நிரையில் மரத்துக்கு மரம் காயம். அவருடைய நிரையில் ஒன்றுகூட இருக்காது. அவர் சீவினால் சீவல் ஒரே சுருளாக, அறுபடாமல் விழும். ஆள் கறுப்பு, குள்ளம், பேச்சில் ஒரு நயம் கிடையாது. கை மட்டும் அப்படி.

ஜப்பான்காரன் வந்து துரை ஓடிய பிறகும் கொஞ்ச காலம் மரம் சீவிக்கொண்டுதான் இருந்தோம். அரிசி போய் மரவள்ளி வந்தது. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்ற பேச்சும் வந்தது. பக்கத்துத் தோட்டத்தில் பிடித்தார்கள், நம் தோட்டத்துக்கு வரமாட்டார்கள் என்று எல்லோரும் நம்பினோம். நம்பாமல் எப்படிக் காலையில் எழுந்து வேலைக்குப் போவது?

ஒருநாள் காலை சீவிக்கொண்டிருக்கும்போதே ஆண்கள் எல்லோரும் ஆபீசுக்கு வரவேண்டும் என்று நிரை நிரையாகக் கூப்பிட்டார்கள். அரிசி கொடுக்கப் போகிறார்களாம். இருளப்பன் தன் நிரையின் ஓரத்து மரத்தைச் சீவிக்கொண்டிருந்தார். கத்தியை எடுத்து வாளியில் போட்டுவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். போகிறபோது என் மரத்தைப் பார்த்தார். அன்றைக்கும் நான் ஒரு காயம் போட்டிருந்தேன்.

"நான் வர்றதுக்குள்ள அதுல மண்ண அப்பி வையி" என்றார்.

அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். நான் மண்ணை அப்பி வைத்தேன். ஆபீஸ் முன்னால் மூன்று லோரிகள் நின்றதும், அரிசி வாங்கப் போனவர்களை அப்படியே ஏற்றிக்கொண்டு போனதும் எனக்கு வெயில் ஏறிய பிறகுதான் தெரிந்தது. ஓடினேன். தூசிகூட அடங்கிப் போயிருந்தது.

அதன்பிறகு தோட்டம் எப்படி இருந்தது என்று சொல்வது கஷ்டம். ஆண்கள் போன லயத்தில் சத்தமே மாறிவிட்டது. இருமல் இல்லை, செருமல் இல்லை, காலையில் கத்தி தீட்டுகிற சத்தம் இல்லை. ஆபீசில் மரம் சீவுவதை நிறுத்தினார்கள், பாலை வாங்கக் கப்பல் இல்லை என்றார்கள். நான் முருங்கைக்கீரையும் மரவள்ளியும் தின்று உயிரோடு இருந்தேன். மரவள்ளி இல்லாத நாளில் வெறும் கீரை. அவருடைய வேட்டிகளையும் சட்டையையும் ஒவ்வொன்றாகக் கொடுத்து அரிசி வாங்கினேன். கடைசித் துண்டைக் கொடுத்த அன்று, அவருடைய கத்தி ஒன்றைத் தவிர வீட்டில் அவர் இருந்தார் என்பதற்கு அடையாளமே இல்லாமல் போனது. போட்டோ எடுக்கிற பழக்கம் எங்களுக்கு ஏது? ராத்திரி வந்து சோறு கேட்க ஆளில்லை, பகலில் சண்டை போட ஆளில்லை. சண்டை போடாமல் என் வாய் துருப்பிடித்துப் போனதுபோல இருந்தது. முருங்கையில் கம்பளிப்பூச்சி வந்தபோது திட்ட யாருமில்லையே என்று அழுதேன்.

அடுத்த வருஷம் புது உத்தரவு வந்தது. மலைச்சரிவில் உள்ள ரப்பர் மரங்களையெல்லாம் சாய்த்துவிட்டு மரவள்ளியும் ஆமணக்கும் போட வேண்டும். ஆட்களை வேலை வாங்குகிற அம்மாசித் தண்டல்தான் வந்து சொன்னார். வயதானவர் என்று லோரியில் ஏற்றாமல் விட்டுப்போன மனிதர் அவர். எல்லாப் பெண்களும் முகத்தைச் சுளித்தார்கள், எனக்கு மட்டும் சந்தோஷம். பக்கத்து வீட்டுப் பாப்பம்மாக்காவும் நானும் ரெண்டாள் வாளின் ஆளுக்கொரு முனையைப் பிடித்தோம். பசி வயிற்றோடு ரப்பர் மரம் அறுப்பது சின்ன வேலை இல்லை. பால் வாளில் ஒட்டி இழுக்க விடாது. ஆனால் ஒவ்வொரு மரமும் முறிந்து சாயும்போது எனக்கு ஒரு திருப்தி இருந்தது. உன்னால்தானே இந்த ஊருக்கு வந்தோம், உன்னால்தானே அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று வைதுகொண்டே அறுத்தேன். என் நிரையை முடித்தோம். அவருடைய நிரையிலும் மற்ற மரங்களை முடித்தோம். ஓரத்து மரத்துக்கு வந்தோம்.

வாளை வைக்கக் குனிந்தபோது வெட்டு என் கண்ணுக்கு நேரே இருந்தது. மேல்பாதி வரைக்கும் சீவியிருந்தது. நடுவில் ஒரு நெல் கனத்துக்குச் சின்னப் படி, அந்த இடத்தில் கத்தி நின்றிருக்கிறது. அதற்குக் கீழே சீவாத பழைய வெட்டு. சீவின மேல்பாதியில் அன்றைய பால் காய்ந்து கறுத்து ஒட்டியிருந்தது. கூப்பிட்டதும் கத்தியை எடுத்தாரே, அந்த இடம். அவருடைய கை நின்ற இடம்.

நான் வாளை விட்டுவிட்டேன். மறுமுனையில் பிடித்திருந்த பாப்பம்மாக்கா பின்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். என்ன ஏது என்று கேட்டாள். இந்த மரம் வேண்டாம் என்றேன். ஏன் என்றாள். வேண்டாம் என்றேன். அவள் எழுந்து வந்து மரத்தைச் சுற்றிப் பார்த்தாள், வெட்டைப் பார்த்தாள். அவளும் பால்வெட்டுக்காரிதான், சொல்ல வேண்டியிருக்கவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த நிரைக்குப் போய்விட்டாள்.

சுற்றிலும் எல்லாம் விழுந்து, மரவள்ளிக் குச்சி ஊன்றின சரிவில் அந்த ஒரு மரம் மட்டும் நின்றது. மடத்தனம்தான். எந்த மரத்தைக் கண்டால் எரிச்சலோ அதற்குத் தினமும் போய்க் காவல் நின்றேன். ஒட்டுப்பால் பொறுக்குகிறவர்கள் அந்தக் காய்ந்த பாலை உரித்துவிடக் கூடாது என்று பயம். மழை பெய்தால் வெட்டு அழுகிவிடுமோ என்று பயம். வாழை இலையைக் கொண்டுபோய் வெட்டுக்குமேல் கூரைபோலக் கட்டினேன். அதன் பக்கத்தில் உட்கார்ந்து கீரையைத் தின்றேன். தொட மட்டும் மாட்டேன். தொட்டால் அவர் கைக்குமேல் என் கை பட்டுவிடும்.

சும்மா விடுவார்களா? ஜப்பான்காரன் மேற்பார்வை பார்க்க வரப்போகிறான் என்று அம்மாசித் தண்டல் என்னைத் தேடி வந்தார். மரத்தையும் பார்த்தார், வாழை இலைக் கூரையையும் பார்த்தார். கேலி செய்வார் என்று நினைத்தேன், செய்யவில்லை. லயத்து விளக்குகளுக்கு எண்ணெய் காய்ச்சக் கொஞ்சம் பால் வேண்டியிருக்கிறது என்றும், அதற்காகச் சில மரங்களை விடச் சொல்லியிருக்கிறார்கள் என்றும் சொன்னார்.

"பால் வடியிற மரம் நிக்கலாம்மா. வடியாத மரம் விழணும். அவன் வர்றதுக்குள்ள இத நீ சீவிடு. இல்லாட்டி நான் ஆள விட்டு அறுத்துருவேன். என் தலையும் தப்பணும்ல?"

மரத்தின் மறுபக்கம் புது வெட்டு எடுக்கலாமா என்று அவரே சுற்றிப் பார்த்தார். அங்கே முழுக்க முண்டும் முடிச்சுமாக இருந்தது, கத்தி ஓடாது. சீவினால் இந்த வெட்டைத்தான் சீவ வேண்டும். மேல் முனையில் கத்தியை வைத்தால், பாதி வழியில் அவர் நிறுத்தின இடமும் அவர் சீவின பரப்பும் ஒரு சுருளாகக் கீழே விழுந்துவிடும். சீவாவிட்டால் மரமே விழுந்துவிடும். உனக்குக் கை வரவில்லை என்றால் நானே சீவித் தருகிறேன் என்று அவர் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தார். நான் பாராங்கை எடுத்தேன். அவர் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பி நடந்தார்.

ஜப்பான்காரன் வர இன்னும் இரண்டு நாள் இருந்தது. சீவிவிடலாம் என்று கத்தியோடு போவேன், மேல் முனையில் வைத்துவிட்டு எடுத்துவிடுவேன். அவர் திரும்பி வந்தால் அவரே சீவட்டும், அது அவருடைய வேலை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வெட்டுப் பாதியில் நிற்கிற வரைக்கும் அவர் ஆபீசுக்குப் போயிருக்கிறார், வந்துவிடுவார். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்பதற்காக இல்லை, சொல்ல வீட்டில் யாரும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் பிச்சை வந்தான்.

இருளப்பனோடு அதே லோரியில் போனவன் அவன். சயாமில் முகாமிலிருந்து ஓடி, கோலா கெடாவுக்குக் கருவாடு ஏற்றிவந்த படகில் ஒளிந்து வந்து, அங்கிருந்து நடந்தே தோட்டத்துக்கு வந்து சேர்ந்திருந்தான். பட்டப்பகலில் லயத்து வாசலில் வந்து உட்கார்ந்தவனை முதலில் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. முழங்காலுக்குக் கீழே புண், கன்னத்தில் குழி. பெண்கள் எல்லோரும் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒவ்வொருத்தியும் ஒரு பெயரைச் சொல்லிக் கேட்டாள். அவன் சிலருக்குத் தெரியாது என்றான், சிலருக்குத் தலையை ஆட்டினான். தலையை ஆட்டின வீடுகளில் அழுகை கிளம்பியது. நான் கேட்கவில்லை. எல்லோரும் கேட்டு முடிக்கட்டும் என்று சுவரோடு ஒட்டி நின்றேன். அவனும் என்னைப் பார்க்காமலேயே மற்றவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

கூட்டம் கலைந்த பிறகு அவனுக்குக் கொஞ்சம் கீரைத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னான். போய்ச் சேர்ந்த முதல் மழையிலேயே வாந்திபேதி வந்ததாம். அங்கே கண்ணுக்கெட்டின தூரம் மூங்கில்தானாம், ஒரு ரப்பர் மரம் கிடையாதாம். இதெல்லாம் ஒரு மரமா, இதில் எங்கே கத்தி வைப்பது என்று என் புருஷன் மூங்கிலைப் பார்த்து வைதுகொண்டிருந்தாராம். காய்ச்சலில் படுத்துக் கிடக்கும்போது அவருடைய வலது கை மட்டும் மேலிருந்து கீழாகச் சரிவாகப் போய்ப்போய் வருமாம். இரண்டு நாள் அப்படிக் கிடந்து மூன்றாம் நாள் போய்விட்டாராம். பலபேரை ஒன்றாகப் போட்டு எரித்தார்களாம்.

அவன் சொன்ன கணக்கில் பார்த்தால், நான் அவருடைய முதல் வேட்டியைக் கொடுத்து அரிசி வாங்குவதற்கு முன்பே அவர் இல்லை.

"எனக்கு எதுனா சொன்னாரா?" என்று கேட்டேன்.

பிச்சை தரையைப் பார்த்தான். "கடேசி வரைக்கும் ஒண்ணத்தான்க்கா சொல்லிக்கிட்டே இருந்தாரு. ஓரத்து மரத்தப் பாதியில விட்டுட்டு வந்துட்டேன்டா, மருதம்மாகிட்டச் சொல்லி மிச்சத்தச் சீவிவிடச் சொல்லுன்னாரு. காயம் போடாமச் சீவச் சொல்லுன்னாரு."

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லலக்கா."

நான் அழவில்லை. எனக்கு வந்தது கோபம். பாப்பம்மாக்கா வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். மறுநாள் காலையில் தண்ணீர் ஊற்றி, தாலியை இறக்கி, செய்ய வேண்டியதைச் செய்துவிடலாம் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். சரி என்றேன்.

மறுநாள் விடிகிற நேரத்தில், அவர்கள் எழுந்து வருவதற்குள், கத்தியை எடுத்துக்கொண்டு சரிவில் ஏறினேன். அவருடைய கத்திதான். ஈரம் படாமல் எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருந்தேன். மரத்துக்கு முன்னால் நின்று வாய்விட்டு வைதேன். கேட்க ஆளில்லாத சரிவு, எவ்வளவு வேண்டுமானாலும் கத்தலாம்.

"ஏன்யா, சாகும்போதுகூட மரந்தானா உனக்கு? சாப்புட்டாளா, இருக்காளா, செத்தாளான்னு ஒரு வார்த்த கேக்கக் கூடாதா? நான் இத இத்தன நாளா சாமி மாதிரி காத்துக்கிட்டு நிக்கிறேன். நீ அங்க இது பாதியில நிக்குதேன்னு கெடந்து தவிச்சியா?"

அதைச் சொல்லும்போதுதான் எனக்கு அழுகை வந்தது. எதை அவருடைய அடையாளம் என்று நான் தொடாமல் வைத்திருந்தேனோ, அது அவருக்கு முடிக்காத வேலை. அவருக்கு உறுத்தின ஒன்றைத்தான் நான் இலை கட்டிக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த மனுஷனுக்குக் கொஞ்சலாக நாலு வார்த்தை பேசத் தெரியாது. மிச்சத்தைச் சீவு என்றுதான் சொல்லத் தெரியும். யாரிடம் வேண்டுமானாலும் அதைச் சொல்லியிருக்கலாம், அம்மாசியிடம் சொல்லச் சொல்லியிருக்கலாம். என்னிடம் சொல்லச் சொன்னார், மரத்துக்கு மரம் காயம் போடுகிற என்னிடம்.

வாழை இலையை அவிழ்த்து எறிந்தேன். மங்கு எப்போதோ களவு போயிருந்தது, ஒரு சிரட்டையை வெட்டுக்குக் கீழே கட்டினேன். மேல் முனையில் கத்தியை வைக்கவில்லை. மிச்சத்தை என்றுதானே சொன்னார். நடுவில் அந்தச் சின்னப் படி இருக்கிற இடத்தில், அவர் கத்தியை எடுத்த இடத்தில், கத்தியை வைத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே இழுத்தேன். என் ஆயுசில் அப்படி மெதுவாக நான் சீவினதில்லை. சீவல் அறுபடாமல் சுருண்டு வந்து என் காலடியில் விழுந்தது. விரலால் தடவிப் பார்த்தேன், காயம் இல்லை.

முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு வெள்ளையாகப் புள்ளி புள்ளியாகப் பால் ஊறியது, ஒன்றோடொன்று சேர்ந்து இறங்கிச் சிரட்டையில் சொட்டியது. கீழே லயத்திலிருந்து பெண்கள் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. நான் போகவில்லை. நான் சீவின பாதியில் பால் வடிந்துகொண்டிருந்தது. அதற்குமேல் அவர் சீவின பாதி கறுத்துக் காய்ந்து அப்படியே இருந்தது. காய்ந்த வெட்டில் பால் வராது என்று எந்தப் பால்வெட்டுக்காரிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் ஒரு சொட்டாவது அதிலிருந்து வருமா என்று சிரட்டை நிறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றேன்.